உடைக்காத தேங்காயுடன் நயினாதீவுக் கிளினிக்குக்கு

கத்தோலிக்கர் வாழும் தீவுக் கிராமமான நாரந்தனையில் பெண்களுக்கான கிளினிக் ஒன்றை நடத்துவதற்குத் தேவாலய மண்டபத்தைக் கேட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பெண்கள் நல நிலையத்துக்குப் பொறுப்பான டொக்டர் செவ்வாய்க்கிழமை இதை என்னிடம் உறுதிப்படுத்தினார். தேவாலயத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அதுவரை தீவுப் பெண்களுக்கு இருப்பது, மாதத்தின் முதற் சனிக்கிழமை அதே நிலையத்தார் நயினாதீவில் நடத்தும் கிளினிக்தான். எப்படிப் போவது என்று வாசகிகள் சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் இந்த 1984 ஆடியில் நானே போய்வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணிக்குக் குறிகட்டுவான் பஸ் புறப்படும். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக ஏறத்தாழ இருபது மைல். யன்னலோரம் இருந்தால் உப்புக்காற்று முகத்தில் அறையும். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு மோட்டர் வள்ளம். கட்டணம் மூன்று ரூபா. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம் என்பதால் கால்மணி நேரப் பயணத்தில் சேலை அரைவாசி நனைந்துவிட்டது.

வள்ளத்தில் அநேகமாகப் பெண்கள் எல்லோர் மடியிலும் அர்ச்சனைத் தட்டு. எல்லோருமே நாகபூசணி அம்மனிடம் மட்டும் போகிறவர்கள் அல்ல. கோயிலுக்கு என்று புறப்பட்டால் வீட்டில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. பூசை முடிந்து, பிரசாதத்தோடு கிளினிக்குக்குள் நுழைவார்கள். ஆரம்பத்தில் நிலையத்தாருக்கு இது விளங்கவில்லை. விடியவே கதவைத் திறந்து வைத்து, ஒருவரும் வராததால் மதியத்துக்கு முன் மூட்டை கட்டிவிட்டார்களாம். இப்போது மதியப் பூசைக்குப் பிறகும் மாலை வரை இருக்கிறார்கள்.

தட்டு இல்லாமல் வந்தவர் ஒருவர்தான். பெயர் றோசலின், நாரந்தனை மீன்பிடிக் குடும்பம், கழுத்தில் செபமாலை. வள்ளக்காரர் அவரைச் சும்மா விடவில்லை.

"என்ன தங்கச்சி, நீரும் அம்மனுக்கோ? மாதா கோவிக்கமாட்டாவோ?"

"மாதாவிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், அண்ணை. நான் கிளினிக்குக்குப் போறன். மூண்டு மாசமா ரத்தப்போக்கு நிக்கேல்லை. இன்னும் என்ன தெரியோணும்?"

வள்ளக்காரர் எஞ்சினைப் பார்க்கக் குனிந்துவிட்டார். பிறகு என் அருகில் இருந்த பெண் தட்டைச் சரித்துப் பிடித்தபடி, "நானும் அங்கைதான்" என்றார். பின்னால் இருந்து ஒரு குரல்: "ஓம், நாங்களும்தான். அப்ப முதல்லை அங்கையே போவம். அம்மன் எங்கையும் ஓடமாட்டா."

கிளினிக் நடப்பது பாடசாலை வகுப்பறைகளில். இரத்த அழுத்தம், மார்பு, கருப்பை எல்லாவற்றையும் பெண் டொக்டர்களே ஒரே நாளில் பார்த்துவிடுகிறார்கள். பட்டணத்தில் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். மருத்துவ மாணவிகள் அருகிருந்து படிக்கிறார்கள். தகவல்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். மறுத்தாலும் வைத்தியம் உண்டு.

ஒரு மாணவி றோசலினைக் கேட்டார்: "அக்கா, ஏன் இவ்வளவு நாள் பிந்தினனீங்கள்?"

"சாட்டு ஒண்டும் கிடைக்கேல்லை, பிள்ளை. கோயில் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. பொய் சொல்லி வாற அளவுக்கு இது என்ன களவே?"

அவரைப் பரிசோதித்து, கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். புற்றுநோயா இல்லையா என்பது ஆய்வுகூடத்தில்தான் தெரியும். வெளியே வந்ததும் றோசலின் விறாந்தையில் இருந்து, உள்ளே போன பெண்களின் தட்டுகளுக்குக் காவல் காத்தார். வாழைப்பழத்துக்கு வந்த ஆட்டை இரண்டு தரம் துரத்தினார். "வேதக்காரியை அம்மன்ரை சாமானுக்குக் காவல் வைச்சிட்டினம்" என்று அவர் சொல்ல, மாணவிகளும் சிரித்தார்கள். உடைக்காத தேங்காய்களுடன் மற்றவர்கள் பிறகுதான் கோயிலுக்குப் போனார்கள்.

போகிறவர்களுக்கு: டொக்டர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டுகளை நனையாமல் பொலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு கோயில் மடத்தில் கிடைக்கும். ஐந்து மணிக்குப் பிறகு வள்ளத்தை நம்ப வேண்டாம். தட்டு கொண்டுபோவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இந்தக் கட்டுரையில் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கோ. எங்கடை ஊர்ப் பெண்டுகள் பாக்கட்டும்" என்றார் றோசலின்.

மண்டபம் பற்றிய பதில் ஆவணிக்கு முன் வரும் என்கிறார் டொக்டர். றோசலினின் பரிசோதனை முடிவு ஆவணி முதற் சனிக்கிழமை, நயினாதீவில் கிடைக்கும். அவர் காலை வள்ளத்தில் வருவார். தட்டு இல்லாமல்தான்.