கன்னத்தில் உரசிப் பார்த்த கள்ளிகள்

என் விரல் நுனிகளுக்கு இப்போது முள் தெரிவதில்லை. சர்க்கரை வந்து பல வருஷமாகிறது; சூடான டம்ளரைப் பிடித்தாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சேதி வருகிறது. அதனால் ஒரு செடி மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க, தொட்டியைத் தூக்கிக் கன்னத்தில் உரசிக்கொள்வேன். கிழவி செடிக்கு முத்தம் கொடுக்கிறாள் என்பார்கள். கொடுத்தால்தான் என்ன.

கள்ளி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். பென்னாகரத்துப் பக்கம் நானும் அக்காவும் ஆடு ஓட்டிப் போன காலத்தில், மத்தியானப் பசிக்குச் சப்பாத்திக்கள்ளிப் பழம்தான். மேலே இருக்கிற பூ முள்ளை, அந்தச் சுணையை, வேப்பங்கொத்தால் தட்டி, மண்ணில் உருட்டி, பிட்டு, நடு முள்ளைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயில் போட்டால் நாக்கு, பல், பாவாடை எல்லாம் ஒரே சிவப்பு. யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று ஆட்டிடம் கேட்போம். கையில் சுணை ஏறினால் அக்கா என் கையைத் தன் எண்ணெய்த் தலையில் வைத்துத் தேய்ப்பாள், எல்லாம் வந்துவிடும். அக்கா இப்போது இல்லை. அந்தக் கள்ளி வேலியும் இல்லை, கம்பி போட்டுவிட்டார்கள். சொல்ல வந்தது அதுவல்ல.

கல்யாணமாகிப் பொம்மிடிப் பக்கம் வந்த பிறகும் கள்ளி வளர்த்தேன். எல்லாம் முள் செடிகள். இரண்டு வருஷத்துக்கு முன் உள்ளங்கையில் முள் ஏறியதே தெரியாமல் சீழ் பிடித்து, பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வந்தவன் தொட்டிகளை எல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினான்.

"இனிமே ஒரு முள்ளு குத்துச்சுன்னா இந்த வூட்டுல செடின்னு ஒண்ணு இருக்காது. உன்னைய ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயி மூணாவது மாடியில வச்சுக்குவேன்" என்றான்.

செய்வான். அவன் அப்பா மாதிரி.

முள்ளில்லாத கள்ளியும் உண்டு என்று சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் ஒடித்துக் கொடுத்த கிளை கிறிஸ்துமஸ் சமயத்தில் ரோஸ் கலரில் பூக்க ஆரம்பித்து, பொங்கல் வரைக்கும் எனக்காகவும் பூக்கிறது. அப்புறம் இடியாப்பம் பிழிந்துவிட்ட மாதிரி தொங்குகிற ஒன்று. திருநீறு பூசிய குண்டுக்கல் மாதிரி இன்னொன்று. அதைக் கள்ளி என்று யாரும் நம்ப மாட்டார்கள். இப்படிப் பதினொன்று சேர்ந்தது. எல்லாம் கன்னத்தில் தேறியவை.

பன்னிரண்டாவது, ஸ்டேஷன் பக்கம் செடி வண்டிக்காரரிடம் வாங்கிய முயல் காதுக் கள்ளி. காது காதாக, அதில் மஞ்சள் வெல்வெட் பொட்டு வரிசை. ஒரு சீட்டு செருகியிருந்தது. எனக்கு எழுத்து எங்கே தெரியும், விலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆசையாக அழுத்தி உரசினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கன்னம் நெருப்பாகத் தகித்தது. ஆயிரம் பழம் உருட்டியவள் நான், சுணையை வெல்வெட் என்று நினைத்து ஏமாந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுத்தாள். சீட்டையும் படித்தாள். கையால் தொடக் கூடாது என்று போட்டிருக்கிறதாம்.

"மாமாவுக்குக்கூட இத்தன ஆசையா குடுத்திருக்க மாட்டீங்க அக்கா" என்றாள்.

சிரித்தால் வலிக்கிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு மகன் வருவதாக இருந்தது. தொட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை, அவ்வளவு அழகு. மற்றவற்றுக்குப் பின்னால் ஒளித்தேன். கன்னத்துத் தடிப்புக்குப் பூச்சிக்கடி என்று பதில் வைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு செடியாகத் தடவிக்கொண்டே வந்தான். ஒன்றிலும் முள் இல்லை, முகம் தெளிந்தது. கடைசியில் முயல் காதைக் கண்டுவிட்டான். இதுதான் இருப்பதிலேயே அழகு என்று சொல்லிக் கையை நீட்டினான்.

வாயைத் திறந்தால் பன்னிரண்டும் போய்விடும். யோசிக்க எங்கே நேரம்.

"தொடாதடா, சுண ஏறிரும்" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன்.

செடியைப் பார்த்தான். என் கன்னத்தைப் பார்த்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். பூச்சிக்கடி வாயில் வரவே இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நின்றால், என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, மிச்சமிருந்த ஒரு சுணையை நகத்தால் எடுத்தான்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, உன் கன்னத்துல ஏறுனது எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"உன் கையாச்சேடா."

முயல் காதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் காட்டோரம் நட்டுவிட்டு வந்தான்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். ஆனா புதுசா எது வந்தாலும் நான் தொட்டுப் பாத்தப்புறந்தான் உள்ள வரணும்" என்றான்.

இப்போது வாசலில் ஒரு புதுத் தொட்டி காத்திருக்கிறது. வழவழவென்று இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி தொட்டாள், பால்காரர் தொட்டார், ஒரு முள் கிடையாது. ஆனாலும் மகனுக்குப் போன் போட்டு, எனக்கென்னவோ சந்தேகமாக இருக்கிறது, இந்த ஞாயிறே வந்து பார்த்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன்.