வொல்வோவைக் கழற்றிய சிறீஸ்கந்தராசா

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் சிறீஸ்கந்தராசா என்றொருவர் இருக்கிறார். அறுபது வயது தாண்டிவிட்டது. யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலமாக வேலை. ஆனால் என்ன வேலை என்று கேட்டால் அதைச் சொல்லமாட்டார். "கார் வேலைதான்" என்பார். பழைய கார்களை வாங்கித் திருத்தி ஓடவைக்கிறவர் என்று தன்னைப்பற்றி அவருக்கு ஒரு நினைப்பு. அவர் வாங்கியதை ஊரே கண்டது. திருத்தியதைக் கண்டவர் யாருமில்லை.

சனிக்கிழமை காலையில் வீட்டுக் கராஜின் கதவை முழுதாகத் திறந்துவைப்பார். மெக்கானிக்குகள் போடும் நீல முழுச்சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு ஸ்பனருடன், போகிற வருகிறவர்களுக்குத் தெரியும்படி நிற்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிறீஸ் கறை இருக்கும். காலைக் கோப்பியோடு அதையும் பூசிக்கொண்டுதான் வெளியே வருவாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். யாராவது காசு கொடுத்து வெளியில் காரைத் திருத்தினால் அவருக்கு இளக்காரம். எங்கள் தெருத் தவராஜா புதிதாக ஒரு மின்சாரக் கார் எடுத்தபோது, "பற்றரிக்கு நாலு சில்லுப் பூட்டி வித்திருக்கிறாங்கள், இவரும் வாங்கியிருக்கிறார்" என்று கோயிலில் வைத்தே சொன்னவர்.

அவருடைய மனைவி விமலாதேவியும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் வேலையைப் பற்றிச் சிறீஸ்கந்தராசா சொல்வது இன்னும் மோசம். "கிழடுகளைக் கழுவித் துடைக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கொரு சான்றிதழ்" என்று என் முன்னாலேயே சிரித்திருக்கிறார். விமலா அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். கராஜுக்குள் இருந்தால் மனிதர் வீட்டுக்குள் இல்லை என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

முதலில் ஒரு சாப் கார் வாங்கினார். அது கறள் பிடித்து நிலத்தோடு ஒட்டிப்போக, பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். பிறகு ஒரு ஓப்பல். அதன் கதவுகளும் கண்ணாடிகளும் ஒவ்வொன்றாக விலைப்பட்டுப் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் இந்த வொல்வோ.

அது அறுபதுகளில் செய்த அமசோன் என்ற வகை. வெளிர்நீல உடம்பு, சிவப்புத் தோல் இருக்கை. லெம்விக் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் இங்கெர் என்ற மூதாட்டி அதை விற்கப் போட்டிருந்தார். அவருடைய கணவன் பௌல் இரும்பு வேலைக்காரர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்தக் காரைத் திருத்திக்கொண்டிருந்தவர், முடிக்குமுன் மாரடைப்பில் போய்விட்டார். சிறீஸ்கந்தராசா தவராஜாவைக் கூட்டிக்கொண்டு காரை இழுத்துவரப் போனார். ட்ரெயிலர் இழுக்கும் கொக்கி தவராஜாவின் காரில்தான் இருந்தது. பற்றரிக் கார்தான் என்றாலும் அன்றைக்கு அது தேவைப்பட்டது.

அங்கே நடந்ததைத் தவராஜா பிறகு எனக்குச் சொன்னார். இங்கெர் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினாராம்.

"பௌல் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். வயர் வேலையும் உள்கூரைத் துணியும்தான் மிச்சம். ஓடத் தொடங்கினால் என்னை ஒருதரம் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போ. வேறொன்றும் கேட்கவில்லை."

"கட்டாயம். வாற கோடையில்" என்றாராம் சிறீஸ்கந்தராசா. கையும் கொடுத்தாராம்.

திரும்பி வரும் வழியில் தவராஜா, "அண்ணை, இது ஒரு மாச வேலைதானே. கார் முடிஞ்சு கிடக்குது" என்றிருக்கிறார்.

"உமக்கென்ன தெரியும்? மேல பெயின்றைப் பார்த்து மயங்கிறீர். இதையெல்லாம் அடியிலயிருந்து செய்யோணும்."

ஒரு மாதத்தில் கார் ஓடிவிட்டால் அவர் யார்? இறந்துபோன ஒருவரின் வேலைக்கு வயர் கொழுவியவர், அவ்வளவுதான். அதனால் முடிந்து கிடந்த காரை அவர் கழற்றத் தொடங்கினார். கழற்றுவதில் மட்டும் அவருக்குச் சோம்பல் கிடையாது. அந்த டிசம்பர் நத்தாருக்குள் எல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. எஞ்சின் உடுப்புத் தோய்க்கும் அறையில், மெசினுக்குப் பக்கத்தில். கதவுகள், இப்போது ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மகள் சுஜீதா வீட்டில் விட்டுப்போன பழைய கட்டிலுக்குக் கீழே. பௌல் புதுத்தோல் போட்டுத் தைத்த சிவப்பு இருக்கைகள் கூரைக்குள். அங்கே மரநாய் புகுந்து ஒன்றைக் கடித்துப் பஞ்சைப் பிடுங்கியது. நத்தார்ப் பெருநாளுக்கு வந்த சுஜீதா படுக்கப் போய்க் கால் இடித்துக்கொண்டு, "அப்பா, இது ஒருநாளும் ஓடாது" என்று டெனிஷில் சொன்னாள். அவர் தமிழில் அவளுக்குக் கறளைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்.

ஒவ்வொரு கோடையும் இங்கெர் ரெலிபோன் எடுப்பார். சுவீடனிலிருந்து ஒரு சாமான் வரவேண்டியிருக்கிறது என்று இவர் சொல்வார். சில வருடங்களில் அந்தச் சாமான் மூன்று நாடுகளிலிருந்து வரவேண்டியதாயிற்று. கடைசியில் அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டார். மணி அடிக்க, திரையைப் பார்த்து, "வொல்வோக் கிழவி" என்று சொல்லித் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பார். அது யாரென்று விமலா கேட்டதில்லை. கார் சம்பந்தமான எதையும் கேட்பதில்லை என்று அவள் எப்போதோ முடிவெடுத்திருந்தாள்.

இதற்கிடையில் இங்கெருக்குப் பண்ணை முற்றத்தில் விழுந்து இடுப்பு முறிந்தது. ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் மகளுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று எங்கள் இல்லத்துக்கு வந்தார். வாய்த் துடுக்கான மனுசி. சூப் ஆறியிருந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டுச் சொல்லுவார். விமலாவை மட்டும் பிடித்திருந்தது. அவள் கை சூடானது என்பார்.

ஒருநாள் காலையில் விமலா அவருக்குக் காலைத் துடைத்துக் காலுறை போட்டுக்கொண்டிருந்தாள். மகள் முதல்நாள் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். வெளிர்நீலக் காருக்குப் பக்கத்தில் ஒரு உயரமான ஆள். திறந்திருந்த கதவுக்குள் சிவப்பு இருக்கை.

"அதுதான் பௌல்" என்றார் இங்கெர். "அந்தக் காரை ஹொல்ஸ்டெப்ரோக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். உன்னுடைய நாட்டுக்காரனாகத்தான் இருக்கவேண்டும். ஓடினால் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். நானும் நம்பிவிட்டேன். இப்போது போனையே எடுப்பதில்லை. செத்துவிட்டானோ என்னவோ."

விமலாவுக்கு அந்தச் சிவப்பு இருக்கையை நன்றாகத் தெரியும். மரநாய் கடித்த பஞ்சை அள்ளிக் கொட்டியவள் அவள்தான். காலுறையைப் போட்டு முடித்தாள். இடைவேளையில் கோப்பியை ஆறவிட்டுக்கொண்டு என்னிடம்தான் சொன்னாள். "கோகிலா, எனக்கு அந்தாளை நினைக்கக் கோபம்கூட வரேல்லை. அருவருப்பாக் கிடக்குது."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், கராஜ் வாசலில் நின்றே கேட்டிருக்கிறாள்.

"லெம்விக்கில உங்களுக்குக் கார் வித்த மனுசிக்கு நீங்கள் என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கிழவி இன்னும் இருக்கிறாவோ?"

அது அவர் வாயில் வந்த முதல் வார்த்தை. விமலா என்னிடம் அதைப் பலதடவை சொல்லியிருக்கிறாள். வெட்கப்பட்டிருந்தால், மறந்துபோனன் என்றாவது சொல்லியிருந்தால், தான் அத்தோடு விட்டிருப்பேன் என்பாள். அவர் அதற்குப் பிறகு சொன்னது: "வேலை நடக்குது எண்டு சொல்லும். அவசரப்பட்டுச் செய்யிற வேலை இல்லை இது."

அடுத்தநாள் விமலா இங்கெரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அந்தக் காரை வாங்கினவர் என் கணவர்" என்றாள்.

இங்கெர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். "அவனுக்கு மனைவி இருக்கிறாளா? அவன் தனி ஆள் என்று நினைத்தேன். மனைவி உள்ளவனுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்குமே." பிறகு அவளுடைய கையைத் தட்டினார். "நீ அழாதே. காரை எனக்குக் காட்டு."

விமலா அழவில்லை. வேலையில் அறிந்ததை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. நான் இதை எழுதுவதற்குக் காரணம், இங்கெரே பிறகு, "இதை எல்லாருக்கும் சொல்லுங்கள், பெயரோடு சொல்லுங்கள்" என்றதுதான்.

அந்தச் சனிக்கிழமை, தன்னுடைய ஓய்வுநாளில், இங்கெரின் மகளிடம் அனுமதி பெற்று, இங்கெரைச் சக்கர நாற்காலியில் விமலா வீட்டுக்குக் கூட்டிவந்தாள். உதவிக்கு நானும் போனேன். கராஜ் நடுவில் கட்டைகளின் மேல் காரின் வெறும் கூடு நின்றது. பௌல் பூசிய நீலத்தில் பாதியைச் சுரண்டி எடுத்திருந்தார். சுரண்டிய இடமெல்லாம் புதுக் கறள். சுற்றிவர வாழைப்பழப் பெட்டிகளில் சாமான்கள், ஒன்றுக்குள் ஒன்று.

வேறு எவரும் அந்த இடத்தில் தலைகுனிந்திருப்பார்கள். சிறீஸ்கந்தராசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து டெனிஷில் விளக்கத் தொடங்கினார்.

"உங்கள் கணவர் இரும்பு ஒட்டிய இடங்கள் சரியில்லை. வெளியே பார்க்க அழகு. நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டியதாகிவிட்டது."

"பௌல் பதினைந்து வயதிலிருந்து இரும்பு ஒட்டினவன்" என்றார் இங்கெர். "லெம்விக் துறைமுகத்தில் பாதிப் படகுகள் அவன் கைபட்டவை. நீ எங்கே படித்தாய்?"

"நானாகத்தான். யூடியூபில்."

இங்கெர், "நோ" என்றார். அது மறுப்பல்ல; டெனிஷ்காரரின் அந்த ஒரு சொல்லுக்கு 'ஓகோ', 'அப்படியா' என்று பல அர்த்தம் உண்டு. அன்றைக்கு அதில் இருந்தது இளக்காரம் ஒன்றுதான். சிறீஸ்கந்தராசாவுக்குக்கூட அது விளங்கியது. முகம் கறுத்து, பெட்டியொன்றுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

காரில் திரும்பும்போது விமலா இங்கெரிடம், பௌலுக்கு நண்பர்கள் யாரும் இல்லையா என்று கேட்டாள். வெர்னர் என்றொருவர் இருந்தார். பௌலோடு சேர்ந்து அந்தக் காருக்கு வேலை செய்தவர். விமலா அன்றே அவரோடு பேசினாள். பேசி முடித்துவிட்டுத்தான் கணவனுக்குச் சொன்னாள்.

"பௌலின்ரை கூட்டாளியள் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை ஏத்துறாங்கள். கதவைத் திறந்து வையுங்கோ."

"என்ரை காரை ஏத்திறதுக்கு நீர் ஆர்?"

"கூரைக்குள்ளையும் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ளையும் மகளின்ரை கட்டிலுக்குக் கீழையும் வைச்சிருந்தனான் நான். அந்தப் பாதி என்ரை. மற்றப் பாதியையும் அவங்கள் கொண்டு போகட்டும். இல்லையெண்டால் நான் சுஜீதாவிட்டைப் போறன். நீங்கள் எஞ்சினோட இருங்கோ."

அவர் கத்தினார். அவள் சோறு போட்டு மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

வெர்னரும் இன்னும் மூன்று கிழவர்களும் இரண்டு ட்ரெயிலர்களோடு வந்தார்கள். எல்லாரும் எழுபது கடந்தவர்கள். ஒருவருக்கு முழங்கால் மடியாது. சத்தமில்லாமல் ஏற்றினார்கள். இடையிடையே வெர்னர் வந்து, "பின் பிரேக்கின் பாகங்கள் எங்கே? காபுரேட்டர் எங்கே?" என்று கேட்பார். சிறீஸ்கந்தராசாவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் எந்தப் பெட்டியில் என்று விமலாதான் காட்டினாள். தோய்த்த உடுப்பை மடிக்கிற இடத்தில் காலம்காலமாக அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தவள் அவளல்லவா. இவர் கோப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று, "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் ஒரு மாரிகாலத்தில் முடிந்தது. சுரண்டிய இடங்களைத் துப்புரவாக்கி மறுபடி பூசியதும், கழற்றியதைப் பூட்டியதும்தான் பெரிய வேலை என்றார் வெர்னர். பௌலின் ஒட்டுக்களில் ஒன்றைக்கூடத் தொடவேண்டி வரவில்லை. வாகனப் பரிசோதனையில் முதல் தடவையிலேயே தேறியது.

வைகாசியில் ஒருநாள் இங்கெரை முன்னால் இருத்தி, விமலாவைப் பின்னால் இருத்தி, வெர்னர் கடற்கரை ஊரான தோர்ஸ்மின்டேக்கு ஓட்டினார். மரநாய் கடித்த இருக்கையில் ஒரு கம்பளி விரித்திருந்தது. ஏதாவது உருக்கமாக நடந்ததா என்று நான் கேட்டேன். விமலா சிரித்தாள். பெற்றோல் மணக்கிறது என்று வழிநீளம் இங்கெர் குறைசொன்னாராம். பௌல் இதைவிட வேகமாக ஓட்டுவான் என்றாராம். கடலைப் பார்த்தபடி காருக்குள் இருந்தே பொரித்த மீன் சாப்பிட்டாராம். திரும்பும்போது, "வாற கிழமையும் வருவோம்" என்றாராம். வந்தார்கள். இப்போதும் காற்றில்லாத நாளென்றால் போய்வருகிறார்கள்.

சிறீஸ்கந்தராசாவை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் மனிதர் விடுவாரா? வெர்னர் விமலாவுக்கு அனுப்பிய படத்தை எப்படியோ தன் தொலைபேசிக்கு மாற்றிக்கொண்டார். ஹேர்னிங் கோயில் திருவிழாவில், சாப்பாட்டு மண்டபத்தில், விபோர்க்கிலிருந்து வந்த நாலு பேருக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடியிலயிருந்து செய்தது. ஒவ்வொரு நட்டும் என்ரை கை பட்டது. கடைசியில ஒரு டெனிஷ் கிழவி ஆசைப்பட்டவ, குடுத்திட்டன்."

விமலா பக்கத்து வரிசையில் சாம்பார் வாளியோடு நின்றாள். நான் சோற்றோடு அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஓம். கழட்டினது இவர்தான்" என்றாள்.

விபோர்க்காரர்களில் ஒருவர் புரையேறி இருமினார். மற்றவர்கள் இலையைப் பார்த்தார்கள். சிறீஸ்கந்தராசா தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "சாம்பாருக்குப் புளி காணாது" என்றார்.

அடுத்த மாதம் ஒரு கலியாண வீட்டில் வேறு யாருக்கோ அதே படத்தைக் காட்டியதாகத் தவராஜா சொல்கிறார். கதை இப்போது வளர்ந்துவிட்டதாம். பௌலின் அந்த ஒட்டுக்களும் இவர் ஒட்டியதாம்.