பதினொன்றிலிருந்து மூன்றுவரை

டோரின் ஹெஸ்லாப்பைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: நேரத்தைத் தப்பாக எழுதியவள். முப்பத்தொரு வருஷம் சரியாக எழுதியதை ஒருத்தனும் சொல்லமாட்டான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்கார்னெஸ்ஸில் கடலுக்கு இறங்கும் சரிவில் அவளுடைய டீக்கடை, பக்கத்தில் என்னுடைய மீன் வறுவல் கடை. எதிரே ஒரு மைலில் ஆட்டுத்தீவு. கடல் வற்றினால் அதற்குப் போகும் கல்பாதை வெளியே தெரியும். நாலு மணி நேரம் இருக்கும், அப்புறம் மூடிவிடும். பாதி வழியில் உயரமான மரக்கால்கள்மேல் ஒரு கூண்டு, ஏறுவதற்கு ஏணி. மாட்டிக்கொண்டவர்கள் அதில் ஏறி உட்கார்ந்தால் உயிர் பிழைக்கலாம். கூண்டுக்கும் கரைக்கும் நடுவே பாதை கொஞ்சம் தாழ்ந்து பள்ளமாக இருக்கும். தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான். தீவிலிருந்து வருகிறவனுக்கு அது கிட்டே வரும்வரை தெரியாது.

டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பாதையில் நடக்கலாம் என்று டோரின்தான் தினமும் எழுதுவாள். புதுவருஷத்துக்குத் துறைமுக ஆபீசில் ஒரு சின்னக் கையேடு தருவார்கள். அதில் எல்லா நாளுக்கும் நேரம் இருக்கும், ஆனால் குளிர்கால நேரம் மட்டும். மார்ச் கடைசி ஞாயிறு கோடைகால நேரத்துக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் திருப்பி வைத்ததும், அவள் கையேட்டில் இருக்கிற நேரத்தோடு மனசுக்குள் ஒன்றைக் கூட்டி எழுத ஆரம்பிப்பாள். அக்டோபர்வரை அப்படித்தான். ஒரு நாள் பிசகியதில்லை.

வெளியூர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவளிடம்தான் வருவார்கள். "இங்க என்னம்மா பாக்கலாம்?" என்று கேட்டால் போச்சு. "மொதல்ல தீவுக்குப் போ கண்ணு, கடல்நாய் படுத்துக் கெடக்கும். வந்ததும் நண்டு சாண்ட்விச் சாப்பிடு. கடல் பாலத்துக் கோடில காசு போட்டு ஆடற மெஷின் இருக்கு, ஆனா தோத்துதான் போவ. புள்ளைய கழுதைமேல ஏத்து, சாம்பல் கழுத மட்டும் வேணாம், அது கடிக்கும்." இவ்வளவு சொல்கிறவள் இதில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. பாலத்துக்குப் போனதில்லை. நண்டு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. கல்பாதையில் ஒரு காலை எடுத்து வைத்ததில்லை. ஈரம் என்றாலே பயம். கேட்டால், "எல்லாரும் போயிட்டா திரும்பி வர்றவனுக்கு டீ யாருடா குடுப்பா?" என்பாள்.

அவளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. நாக்கு அதைவிட நீளம். அந்தத் தப்பு நடந்ததற்கு முந்தின கோடையில் ஒரு நாள், கடைவாசலில் கும்பல் நிற்கும்போது, "டோரின், இன்னிக்கு நேரம் தப்பா எழுதியிருக்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் கையேட்டை எடுத்துவந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். நான்தான் என் கையேட்டில் வேறு நாளைப் பார்த்திருந்தேன்.

"ரெஜ்ஜு, நீ எண்ணெய்ச் சட்டியப் பாரு. கடல நான் பாத்துக்கறேன்."

கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு விட்டதா? குளிர்காலம் முழுக்க மதுக்கடையில் நான் எதைப்பற்றி வாயைத் திறந்தாலும் யாராவது ஒருத்தன், "எண்ணெய்ச் சட்டியப் பாரு ரெஜ்" என்பான். சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் துறைமுக ஆபீசில் கையேட்டைப் புது அச்சகத்தில் அடித்திருந்தார்கள். மீன் வாங்கப் படகுத்துறைக்குப் போகிறவன் என்பதால் வழக்கம்போல எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: கோடைகால ஒரு மணி ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது. நான் படித்தேன். டோரினும் படித்திருப்பாள் என்று நினைத்தேன்.

மார்ச் கடைசி ஞாயிறு காலை கடையைத் திறக்க வந்தேன். காற்று கடலிலிருந்து அடித்தது. தண்ணீர் வழக்கத்தைவிட ரொம்ப தூரம் உள்ளே போயிருந்தது, பாசி பிடித்த பழைய கம்பங்கள்கூட வெளியே தெரிந்தன. அப்படி உள்ளே போகிற நாளில் திரும்பி வரும்போது வேகமாக வரும். பலகையைப் பார்த்தேன். பதினொன்றிலிருந்து மூன்றுவரை. என் கையேட்டில் பத்திலிருந்து இரண்டுவரை.

பழக்கதோஷத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டாள். பார்த்த உடனே எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், பத்து அடி தூரம். சொன்னால் அவளும் நானும் மட்டும்தான் இருப்போம், யார் சிரிப்பது? மத்தியானம் கும்பல் சேரட்டும், எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லலாம், இரண்டு மணிக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறதே என்று உள்ளே போய் உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு லீட்ஸிலிருந்து ஒரு ஆள் வந்தான். பெயர் கீத் பெல்லமி. கூட எட்டு வயதில் மகள் ஜூலி. என் ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. தம்பிப் பாப்பா பொறந்திருக்கான்" என்றது குழந்தை.

"அடி சக்கை! அப்ப தம்பிக்குத் தீவுலேர்ந்து ஒரு சங்கு எடுத்துட்டு வா" என்றாள் டோரின்.

"போயிட்டுத் திரும்பிடலாமா? நேரம் இருக்காம்மா?" என்று கேட்டான் கீத்.

"மூணு மணிவரைக்கும் இருக்கு. ஆற அமர வா. முப்பத்தொரு வருஷத்துல இந்தப் பலக ஒருத்தன் காலக்கூட நனையவிட்டதில்ல."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கடையில் நாலு பேர் நின்றார்கள், நாலு பேர் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு மணிக்கு இரண்டு பஸ் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம் மீனும் எண்ணெயும் உப்பும் வினிகரும் தவிர எனக்கு எதுவும் நினைவில் இல்லை. சாமி சத்தியமாக மறந்துபோனேன்.

தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டேகால். வெளியே வந்தேன். பாசிக் கம்பங்களைக் காணோம். மற்றவர்கள் குளிருக்குப் பயந்து எப்போதோ திரும்பிவிட்டிருந்தார்கள். கல்பாதையில், கூண்டுக்கு அந்தப்பக்கம், இரண்டே உருவம். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. குழந்தை குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது.

"டோரின், தண்ணி பள்ளத்துக்கு வந்துடுச்சு."

"வராதுடா, இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு." பார்த்தாள். முகம் மாறியது. "என்னடா இது, கடல் இன்னிக்கு சீக்கிரமா வருது?"

"கையேட்ட எடு. அடியில பாரு."

எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தாள். அந்த வரி அடியில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரிந்தது? அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"நீ போய் லைஃப்போட்டுக்குப் போன் பண்ணு" என்றாள்.

போன் என் கடையில்தான். பக்கத்துத் துறையிலிருந்து படகு வர அரைமணியாவது ஆகும் என்றார்கள். நான் வெளியே வந்தபோது டோரின் ஏப்ரனோடு கல்பாதையில் போய்க்கொண்டிருந்தாள். கையை ஆட்டிக் கத்தினாள். காற்று அவள் குரலை எங்கள் பக்கமே திருப்பிக் கொண்டுவந்தது. "கூண்டுல ஏறு! கூண்டுல ஏறு!" கரையில் நின்ற எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது, அவர்களுக்குக் கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் செய்கிற தப்பைத்தான் கீத்தும் செய்தான். கரை கிட்டே தெரிகிறதே என்று கூண்டைத் தாண்டி வந்துவிட்டான். பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். இந்தப் பக்கத்திலிருந்து டோரின் இறங்கினாள், ஈரத்துக்குப் பயந்தவள், இடுப்புவரை. நடுவில் அவனைப் பிடித்து, சட்டையைப் பற்றித் திருப்பிக் கூண்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். நான் கரையில் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியும். நின்றேன்.

மீதியைக் கீத்துதான் பிற்பாடு சொன்னான். அவன் முதலில் ஏறினான். டோரின் கீழே நின்று குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். "மேல போ கண்ணு, கீழ பாக்காத" என்றாளாம். அப்புறம் ஏணியைப் பிடித்தாள். குளிரில் விரல் மடங்கவில்லை. அவன் கையை நீட்டுவதற்குள் இழுப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது. படகு இரண்டு பேரை இறக்கியது. டோரினை மறுநாள் காலை தீவின் அந்தப்பக்கத்தில் எடுத்தார்கள். தீவுக்கு அவள் போனது அந்த ஒரு தடவைதான்.

மரண விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். "அந்தக் கையேட்டை நீங்க பாத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார். மண்டபம் நிறைய ஆட்கள். நான் ஆசைப்பட்ட கும்பல்.

"இல்லைங்க. எனக்கு எண்ணெய்ச் சட்டியப் பாக்கவே நேரம் சரியா இருக்கும்" என்றேன்.

பாவம் என்று தலையாட்டினார்கள். கவனக்குறைவு என்று டோரின் பெயரில் எழுதி முடித்தார்கள். அடுத்த வாரமே பலகையை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை எழுதுகிறேன்.

ஜூலி இப்போது பெரிய பெண். தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மார்ச்சிலும் வருகிறாள். என் கடையில் உட்கார்ந்து, "அவங்க எப்படிப்பட்டவங்க மாமா?" என்று கேட்பாள். பாலம், நண்டு, கடிக்கிற சாம்பல் கழுதை எல்லாம் சொல்வேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். போகும்போது ஜூலி பலகையைப் பார்த்துவிட்டு, "இது சரிதானே மாமா?" என்று தினசரி கேட்கிறவள் போலக் கேட்பாள். சரிதான் என்பேன்.

வருகிற ஞாயிறு வருகிறாள். சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். போன வருஷமும் அப்படித்தான் இருந்தேன். கடையில் கும்பலாக இருந்தது, அவள் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.