தேத்தண்ணிக்கடைக்கு எதிரே ஒரு யன்னல்

ஸல்ஹாவின் தையல் அறைக்கு முதலில் யன்னலே இருக்கவில்லை. கதவு மட்டும்தான். அதைத் திறந்தால் வெளிச்சம் வரும். ஊரார் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் மஹ்ரூபின் எதிர்த் தேத்தண்ணிக்கடை வாங்கில் குந்தியிருக்கும் அத்தனை ஆண்களின் பார்வையும் கூடவே வரும். அளவு கொடுக்க வந்த பெண்கள் கதவைச் சாத்தச் சொல்வார்கள். சாத்தினால் ஸல்ஹாவுக்கு ஊசிக்காது தெரியாது.

திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் போகும் ஒழுங்கையில் அந்த வீடு. கணவர் முத்தலிப் மூதூருக்குக் கடலால் போய்வரும் லோஞ்சை ஓட்டியவர். ஸல்ஹா சட்டை தைப்பதில் கெட்டிக்காரி. ஆனால் இருட்டறையில் தைத்த சட்டைகளைப் பகலில் பார்த்தால், கறுப்பு நூல் என்று நினைத்துக் கடும்நீல நூல் ஓடியிருக்கும். அதைப் பிரித்துத் தைப்பதிலேயே பாதிப்பொழுது போய்விடும்.

அறுபத்திநாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளி அந்த அறையின் முன்சுவரைக் கூரையோடு கொண்டுபோனது. மெஷினைச் சாக்கால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர் ஸல்ஹா. திரும்பி வந்து பார்த்தபோது கட்டில் இருந்தது, மெஷினும் இருந்தது, சுவர்தான் இல்லை. மெஷினை வெளியே இழுத்துச் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். இனியாவது எனக்கொரு யன்னல் வைக்கலாம்" என்று சிரித்தார். அந்தக் கிழமை முழு ஊரிலும் சிரித்த ஒரே ஆள் தன் மனைவிதான் என்று முத்தலிப் லோஞ்சில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்ன யன்னல் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பங்களாவில இருக்கிற மாதிரி, பெரிசா, கண்ணாடியில வைப்பம்" என்றார் முத்தலிப்.

"அப்ப மஹ்ரூப் காக்காட கடையில இருக்கிற ஆக்களுக்குத் தேத்தண்ணியோட படமும் காட்டலாம்" என்றார் ஸல்ஹா.

தச்சுவேலைக்கு வந்த பேணாட் ஓடாவியார் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். "தங்கச்சி, ரெண்டு கதவு, அஞ்சு கம்பி. திருகோணமலை முழுக்க அதுதான். ஏன் வீண் கதை?"

ஸல்ஹா விடவில்லை. கறுப்புத் துணித்துண்டு ஒன்று, கறுப்பு நூல், ஊசி மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, தன் சிநேகிதி கிறேஸ் டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஊரிலுள்ள யன்னல்களைப் பார்க்கப் புறப்பட்டார். யன்னலுக்குக் கீழே இருந்து ஊசியில் நூல் கோத்து, துணியில் நாலு தையல் போட்டுப் பார்ப்பதுதான் பரீட்சை.

ஓர்ஸ் ஹில்லில் கிறேசுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சாய்ந்த பலகைகள் அடுக்கிய யன்னல். காற்று அள்ளிக்கொண்டு போனது. ஆனால் துணியெல்லாம் வரிவரியாக நிழல் விழுந்தது. தபால் கந்தோரில் கம்பி யன்னல். வெளிச்சம் குறைவில்லை, முத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் வரிசையை விட்டுவிட்டு இவரைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் கிறேஸ் தங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே யன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, கூரையை ஒட்டி வரிசையாக இருந்தன. வெளிச்சம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. முதல் தடவையிலேயே நூல் ஊசிக்காதில் நுழைந்தது. ஸல்ஹா குனிந்து தைத்துக்கொண்டிருக்க, சுவாமியார் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை செய்யிறீங்கள்?"

"யன்னல் பார்க்க வந்தனான், சுவாமி."

சுவாமியார் மேலே பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். "யன்னல் அங்கயெல்லோ இருக்கு?" என்றார். கிறேஸ் சிரிப்பை அடக்க ஏலாமல் வெளியே ஓடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஸல்ஹா தையல் சோக்கால் கதவிலேயே படம் கீறிக் காட்டினார். தெருப்பக்கம், தலைக்கு மேலே, வரிசையாக நாலு யன்னல். பின்சுவரில் காற்றுக்கு மட்டும் பலகை அடுக்கிய ஒன்று.

"இவ்வளவு உயரத்தில வைச்சா ஆர் எட்டிப் பார்க்கிறது?" என்றார் பேணாட்.

"ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் கூடாதெண்டுதானே அண்ணன் வைக்கிறம்."

அப்போது கண்ணாடி கிடைப்பது கஷ்டம். பலகைக் கதவே போதும், கீழ்விளிம்பில் கீல் பூட்டி உள்ளே விழுத்தித் திறந்தால் சரி என்றார் ஸல்ஹா. அதைத்தான் முத்தலிப் ஒத்துக்கொள்ளவில்லை. "இது வடக்குப் பக்கம். ஐப்பசி கழிய மழை இந்தப் பக்கத்தாலதான் அடிக்கும்."

"அடிச்சாச் சாத்துவம்."

ஒன்பது மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு கார்த்திகை வந்தது. ஸல்ஹா குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து மழை சரிந்தடித்தது. ஓடி வந்து பார்த்தபோது மேசையில் விரித்திருந்த உம்மு குல்சுமின் கலியாணச் சட்டைப் பட்டு நனைந்து, சிவப்பு உள்துணியின் சாயம் சந்தன நிறப் பட்டில் திட்டுத்திட்டாக ஊறிக்கொண்டிருந்தது.

கதிரையில் இருந்து ஒருபாட்டம் அழுதார் ஸல்ஹா. அழுது முடித்து, குடையை எடுத்துக்கொண்டு நேரே மணப்பெண் வீட்டுக்குப் போனார். மறைக்கவில்லை, துணியை விரித்தே காட்டினார். உம்மு குல்சுமின் தாய் வாயில் வந்ததெல்லாம் சொன்னார். ஸல்ஹா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். உம்மு குல்சும்தான் துணியைத் தூக்கி அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்தாள்.

"உம்மா, கொஞ்சம் பொறுங்க. ராத்தா, இந்தச் சிவப்பையே கரையா வைச்சுத் தைக்க ஏலாதா?"

"ஏலும்" என்றார் ஸல்ஹா. 

கறைபட்ட இடங்களை வெட்டியெடுத்து, கழுத்திலும் கையிலும் ஓரத்திலும் சிவப்புக் கரை வைத்தார். கலியாண வீட்டில், சிவப்புக்கரைச் சட்டையை எங்கே தைத்தது என்று கேட்காத பெண் இல்லை. தாய் மட்டும் கோபம் மாறாமல் இருந்தார். அடுத்த பெருநாளுக்குத் தனக்கும் அதே மாதிரி ஒன்று தைக்கச் சொல்லி ஆளனுப்பும்வரை.

முத்தலிப் மூதூரில் ஒரு பழைய கட்டடம் இடிக்கப்படுவதைக் கேள்விப்பட்டு, அங்கிருந்த கண்ணாடிகளை லோஞ்சில் ஏற்றி, மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு வந்தார். பேணாட் கீல்களைக் கழற்றி மேல் விளிம்பில் பூட்டினார். இப்போது கண்ணாடிக் கதவின் அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறந்தது. மழை அதன்மேல் வழிந்து தெருவில் விழுந்தது. சாத்தினாலும் வெளிச்சம் குறையவில்லை.

"கண்ணாடி எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் முத்தலிப்.

"சொன்னீங்க. பெரிசா எண்டும் சொன்னீங்க. பாதி சரி" என்றார் ஸல்ஹா.

பிறகு அந்த அறை நிரம்பிவிட்டது. குச்சவெளியில் இருந்து பஸ்ஸில் வந்தார்கள், கிண்ணியாவில் இருந்து வந்தார்கள். தெருப்பார்வை படாத இடம் என்பதால் முக்காட்டை இறக்கிவிட்டு, காலை நீட்டி இருந்து கதைத்தார்கள். உயரத்து யன்னலால் சிரிப்புச் சத்தம் மட்டும் தெருவுக்கு வரும். "அதுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?" என்று மஹ்ரூப் முத்தலிப்பைக் கேட்பாராம். "எனக்கும் தெரியாது காக்கா. என்னையும் உள்ள விடுறதில்லை" என்பாராம் அவர்.

எழுபத்தெட்டில் கிறேஸ் டீச்சர் ஓர்ஸ் ஹில்லில் வீடு கட்டினார். "உங்கட யன்னலையே எனக்கும் கீறித் தாங்கோ" என்று வந்தார். ஸல்ஹா மறுத்துவிட்டார்.

"துறைமுகத்தைப் பார்த்த வீட்டில ஏன் டீச்சர் தலைக்கு மேல யன்னல்? நான் மறைக்க வேண்டியிருந்தது, மறைச்சன். நீங்க நல்லாத் திறந்து வையுங்க. ஆனா மேற்குச் சுவரில மட்டும் பெரிசா வைக்காதீங்க. பின்னேர வெயில் தாங்க ஏலாது."

கிறேஸ் முதல் பாதியைக் கேட்டார். கப்பல் வரும் அழகு மேற்கில்தான் தெரிகிறது என்று, சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தார். வீடு குடிபுகுந்து ஒரு மாதம் போகவில்லை. அளவுநாடாவும் கையுமாக ஸல்ஹாவின் அறைக்கு வந்து நின்றார்.

"ஒண்டும் சொல்லாதீங்கோ. திரை தைக்க வேணும். தடிப்பான துணியில."

ஸல்ஹா அளவுநாடாவை மட்டும் வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்த பெண்கள்தான் சிரித்தார்கள்.