எதிர்க்கடைக்கு ஒரு கரண்டி

கொரியாவின் ஆண்டோங் சந்தையில் எதிரெதிரே இரண்டு நூடுல்ஸ் கடைகள். இரண்டின் பலகையிலும் 'இதுவே முதல் கடை' என்று எழுதியிருக்கும். ஒரு கடையில் நூடுல்ஸோடு கொழுக்கட்டையும் போடும் மல்சூன் கிழவிக்கும் எதிர்க்கடை டோசிக்குக்கும் ஏழாம் பொருத்தம் என்பது சந்தைக்கே தெரியும்.

ஆனாலும் தினமும் மதியக் கூட்டம் வருமுன், கொழுக்கட்டைகளை ஆவியில் ஏற்றிவிட்டு, கிழவி கரண்டியும் கையுமாக எதிர்க்கடைக்குள் நுழைவாள். "இது சூப்பா, கழனித்தண்ணியா?" என்று ஊரே கேட்கக் கத்துவாள். மறுநாள், "கடல் தண்ணிய அப்படியே ஊத்திட்டியாடா?" என்பாள். டோசிக் முறைப்பதோடு சரி.

கிழவி கடைக்கு வாடிக்கையாய்ச் சாப்பிட வந்து, அவளைச் சித்தி என்றே கூப்பிடும் டாக்சிக்கார இன்டேயின் மண்டையை இது குடைந்தது. அடுத்தவன் அடுப்படியில் இவளுக்கு என்ன வேலை? ஒருநாள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தான். கிழவி கத்தி முடித்ததும் டோசிக் உடனே ஒரு கை உப்பை அள்ளிப் பானையில் போட்டார். அவள் மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ம்" என்றாள்.

"என்ன சித்தி இது கூத்து?" என்றான் இன்டே, கடைக்குத் திரும்பியதும்.

"குளிர்காலத்துல காய்ச்சல்ல கிடந்தான்ல? அதுலேர்ந்து அவன் நாக்குக்கு ருசியே தெரியல. வெளிய மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்!" கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை டொக்கென்று வைத்தாள்.

இன்டேக்கு ஆவல் இன்னும் அடங்கவில்லை. "அப்போ நிஜமா எது சித்தி முதல் கடை?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ரெண்டு பானைக்கும் உப்புப் பாக்குறது யாரு?"