கார்டு என்னை நம்பாத மத்தியானம்

எங்கள் கட்டடத்தில் நான் மோசடி நிபுணன் என்று பெயரெடுத்தவன். மோசடி செய்கிறவனில்லை, செய்ய வருகிறவர்களைத் திட்டி அனுப்புகிறவன். பம்பாயில், செம்பூரில் நாங்கள் இருப்பது நாலு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனிடம் ஓடிபி எண்ணைச் சொல்லிப் பென்ஷன் பணத்தைப் பறிகொடுத்தார். அன்றிலிருந்து யாருக்கு அந்த மாதிரி அழைப்பு வந்தாலும் ஃபோனை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் இருபத்தைந்து வருடமாகத் துறைமுகத்து ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவன். எந்த மொழியில், எவ்வளவு சத்தமாகத் திட்ட வேண்டும் என்பது அத்துப்படி. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு, மறைப்பானேன்.

என்னுடைய கிரெடிட் கார்டையும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். வாங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. மாதம் ஒரு தடவை பெட்ரோல், கரண்ட் பில், மாட்டுங்காவில் காப்பிப்பொடி. அவ்வளவுதான் அது பார்த்த உலகம். ஒருமுறை லோனாவாலாவில் மனைவிக்குச் செருப்பு வாங்கும்போது கார்டு வேலை செய்யவில்லை. ஊரை விட்டு வெளியே தேய்த்ததால் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார்களாம். மனைவிக்கு அவமானமாக இருந்தது. எனக்கோ பெருமை. என் வங்கி எவ்வளவு உஷாராக இருக்கிறது பார் என்றேன். செருப்பை அவள் தன் பணத்தில் வாங்கிக்கொண்டாள்.

அந்த உஷார் ஒரு நாள் என் மேலேயே பாயும் என்று நினைக்கவில்லை.

அம்மாவுக்கு நாலு வருடமாகக் காது மந்தம். வயது எழுபத்து நாலு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகித் தாராவிக்கு வந்தவள், அப்பா போன பிறகு எங்களோடு செம்பூருக்கு வந்துவிட்டாள். நன்றாகப் பேசுகிறவள். தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் இவள் பேச ஆரம்பித்தால் வரிசை நகராது என்று சண்டையே நடந்திருக்கிறது. அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். தான் பேசினால் எதிராளி பதில் சொல்லுவார், அது கேட்காது, அந்தப் பயம். யார் எது சொன்னாலும் "ஆமாமா" என்று தலையாட்டக் கற்றுக்கொண்டாள். சர்ச்சில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவள் சிரிப்பாள்.

ஒரு நாள் நான் சாவியை ஆபீசில் வைத்துவிட்டு வந்தேன். பெல் அடித்தேன், கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே அம்மா உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்துதான் திறந்தாள். நான் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வாட்ச்மேன் சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, வாசலைப் பார்க்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வெளியே நின்றுவிடக் கூடாதாம்.

காது மெஷின் வேண்டாம் என்று நாலு வருடமும் ஒற்றைக்காலில் நின்றாள். "எனக்கென்னத்துக்குல அது? கெழவிக்கு வந்த கேடா? நீங்க கொஞ்சம் சத்தமாப் பேசுனா என்ன?" பேசினோம். வீட்டில் எல்லோருக்கும் குரல் ஏறிவிட்டது. எதிர் வீட்டு மராத்தி அம்மாள் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியாரோடு ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, காப்பி குடிக்கும்போது, என்ன தோன்றியதோ, "சரி, வா, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். ஏன் என்று கேட்டு நான் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அரை மணியில் டாக்சியில் இருந்தோம்.

சயானில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம், முதல் மாடியில் அந்தக் கடை. கடையை நடத்துவது ஒரு குஜராத்திப் பெண். முப்பது வயதிருக்கும். அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பொறுமையாகச் சோதித்தாள். இரண்டு காதுக்கும் சோதனை மெஷின்களை மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். அம்மா தாராவி இந்தியில் டாண் டாண் என்று பதில் சொன்னாள். நான் பூரித்துப் போனேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"என்ன, பஸ்ஸு சத்தந்தான் பெருசாக் கேக்கு. மத்தபடி ஒண்ணும் வித்தியாசம் தெரியல. அவ வாயப் பாத்தாலே என்ன சொல்லுதான்னு தெரியுதே."

அதுதான் எனக்கும் குழப்பமாகிவிட்டது. நாலு வருடத்தில் அம்மா உதட்டைப் படிப்பதில் தேறிவிட்டிருந்தாள். மெஷினால் கேட்கிறதா, கண்ணால் கேட்கிறாளா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் இன்று விட்டால் இவள் இந்த மாடிப்படி மறுபடி ஏற மாட்டாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். விலை எண்பத்து நாலாயிரம். அம்மாவிடம் நாலாயிரம் என்று சொல்லியிருந்தேன். அதற்கே முகம் சுளித்தாள்.

மாதக் கடைசி. வங்கிக் கணக்கில் அவ்வளவு இல்லை. கார்டில் போட்டுத் தவணையாகக் கட்டுவதாகத் திட்டம். கார்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் மெஷினில் செருகினாள். ரகசிய எண்ணைத் தட்டினேன். மெஷின் யோசித்தது, பிறகு முடியாது என்று சொல்லிவிட்டது. இன்னொரு தடவை. மறுபடியும் முடியாது.

அம்மாவின் கண் கூர்மை. திரையில் சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தியா, மெஷினே வேண்டாங்கு. வா, போவோம்" என்று மெஷினைக் கழற்றக் காதில் கை வைத்தாள்.

"இருங்கம்மா, பணம் கட்டி முடிக்கிறவரைக்கும் போட்டுக்கிட்டே இருங்க, பழகட்டும்" என்று அந்தப் பெண் இந்தியில் சொல்லி, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ரோட்டை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் என் ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல். "சார், உங்கள் கார்டில் வழக்கத்துக்கு மாறான ஒரு செலவு வந்திருக்கிறது, வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து..."

மோசடி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குள் இருந்த நிபுணன் விழித்துக்கொண்டான். என்ன வேளை பார்த்து அடிக்கிறார்கள், திருடர்கள்! கடைக்குள் நிற்கிறேன் என்பது மறந்துவிட்டது. "காம் தந்தா நஹி க்யா?", வேறு வேலைவெட்டி இல்லையா என்று ஆரம்பித்து, பம்பாய் இந்தியில் எனக்குத் தெரிந்த அத்தனையையும் அவள் தலையில் கொட்டினேன். உங்கள் வீட்டில் அம்மா அப்பா இல்லையா என்று கேட்டு முடித்துவிட்டுத் துண்டித்தேன். திரும்பிப் பார்த்தால் குஜராத்திப் பெண் கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது நிஜமாகவே வங்கிதான். பெரிய தொகை போட்டால் இந்த மாதிரி அழைப்பு இங்கே தினமும் வரும்."

ஒரு நிமிடத்தில் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை, உங்கள் கார்டு பாதுகாப்புக்காகத் தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது. யோசித்துப் பார்த்தால் கார்டின் மேல் தப்பே இல்லை. பதினெட்டு வருடம் காப்பிப்பொடி வாங்கியவன் திடீரென்று எண்பத்து நாலாயிரத்தை ஒரே தேய்ப்பில் செலவழித்தால், அது நானாக இருக்க வாய்ப்பில்லை என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லும். இவன் தன் அம்மாவுக்குக்கூட இதுவரை இப்படி ஒன்றும் வாங்கியதில்லையே என்று அது கேட்டதாக எனக்குப் பட்டது. சுருக்கென்றது.

கடைக்கு வெளியே போய், படியிறங்கி நின்று, கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பாட்டுக் கேள் என்று பத்து நிமிடம். கடைசியில் ஒரு பெண் வந்தாள். அதே குரலோ என்று எனக்குப் பயம். நல்லவேளை, வேறு ஒருத்தி. பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். கடைசியாக எங்கே கார்டைப் பயன்படுத்தினீர்கள் என்றாள். காப்பிப்பொடி என்றேன்.

"கடைசிக் கேள்வி சார். மதர்ஸ் மெய்டன் நேம்?"

அதாவது, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். இங்கே மராத்தி, குஜராத்தி வீடுகளில் கல்யாணமானால் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். சில வீடுகளில் சொந்தப் பெயரையே மாற்றிவிடுவார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே பெயர்தான். அந்த ஞானஸ்நானப் பெயரைச் சொன்னேன்.

"பொருந்தவில்லை சார்."

அப்படியானால் அம்மாவின் அப்பா பெயராக இருக்கும். அதைச் சொன்னேன்.

"அதுவும் இல்லை சார். இன்னும் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. இதுவும் தவறினால் நீங்கள் அடையாளச் சான்றுகளோடு கிளைக்கு நேரில் போக வேண்டும். திங்கட்கிழமைதான் திறப்பார்கள்."

திங்கட்கிழமைக்குள் அம்மா மனதை மாற்றிக்கொண்டுவிடுவாள். இதற்குப் பிறகு அவள் வாழ்நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு "ஆமாமா" என்று தலையாட்டிக்கொண்டு இருப்பாள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் படிவத்தில் என்ன எழுதித் தொலைத்தேன்? நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி, கடை வாசலில் வந்து நின்றேன்.

அப்போது ஞாபகம் வந்தது. கார்டு விற்க ஆபீசுக்கு வந்த மராத்திப் பையன், இந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அடம்பிடித்தான். நான் தாராவி வீட்டுக்கு ஃபோன் போட்டு, "எம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி ஒனக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குள் ஒரு குடும்பப் பெயர் ஒளிந்திருப்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னால் அவளை எப்படிக் கூப்பிட்டார்களோ அதைச் சொன்னாள். அவள் அப்பா கூப்பிட்ட செல்லப் பெயர். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அதுவரை அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. அவசரத்தில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இன்றைக்கும் என் கார்டின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. சின்னப் பெயர், ஒரு குழந்தையைக் கொஞ்சுவதற்கென்றே வைத்த மாதிரி இருக்கும். அதைச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டவர்கள் அவள் அப்பாவும் அண்ணனும் மட்டும். இருவரும் போய்ப் பல வருடம் ஆகிறது. என் அப்பா கடைசிவரைக்கும் பெயர் சொல்லாமல் அவளை "ஏளா" என்றுதான் கூப்பிட்டார். தாராவிக்கு அவள் என் அம்மா. சர்ச்சுக்கு அக்கா. ஐம்பது வருடமாகப் பம்பாயில் யாரும் அவளைக் கூப்பிடாத பெயர், வங்கியின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"சார், லைனில் இருக்கிறீர்களா?"

பெற்ற தாயின் பெயரை, அதுவும் செல்லப் பெயரை, வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. போதாததற்கு, ரகசியத்தை நாலு பேர் காதில் விழும்படி சொல்லாதே என்று கட்டடம் முழுக்கப் பாடம் எடுத்தவன் நான். கையால் வாயை மறைத்துக்கொண்டு, படியைப் பார்த்துத் திரும்பி நின்று, மெல்லிய குரலில் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னேன்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இந்தா, வாரேன்."

திரும்பினேன். ஜன்னலோரத்திலிருந்து அம்மா எழுந்து நின்றிருந்தாள். கூப்பிட்ட ஆளைத் தேடி அவள் கண்கள் கடையைச் சுற்றி வந்தன. சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். கடையில் நானும் அந்தக் குஜராத்திப் பெண்ணும் தவிர யாரும் இல்லை. ஃபோனில் வங்கிப் பெண், பெயர் பொருந்திவிட்டது என்றும் கார்டைத் திறந்துவிட்டதாகவும் சொல்லி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றிகூடச் சொல்லாமல் துண்டித்தேன்.

அம்மா என்னையே பார்த்தாள்.

"ஏல, ஒனக்கு எப்படி அந்தப் பேரு தெரியும்?"

நாலு வருடப் பழக்கத்தில் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். முகத்தைப் படிப்பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்கே கேட்டும் கேட்காத குரலில், "நீதாம்மா சொன்ன" என்றேன்.

"ஆமா, சொன்னேன்" என்றாள் அம்மா. "அதுக்கு நீ ஏம்ல அழுத?"