கேழ்வரகுச் சாலையில் கேட்கப்பட்ட ஜெபம்

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்து சொன்னார்கள், பாகூர்ச் சாலையில் எங்கள் கார் ஒரு பெண்ணின் மேல் ஏறிவிட்டது என்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. அந்தக் காரை என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டுகிறார். எங்கள் சோறு அதில்தான்.

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் கேழ்வரகுக் கதிரைச் சாலையில் பரப்பிவிடுவார்கள். சக்கரம் ஏறினால் மணி உதிரும். கார் ஓட்டுகிறவர்களும் ஊருக்குச் செய்யும் உபகாரமென்று வேண்டுமென்றே அதன்மேல் ஓட்டுவார்கள். இவரும் அப்படித்தான். அன்று பனியில் கதிர் நனைந்திருந்தது. சக்கரம் வழுக்கி, ஓரத்தில் கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த அஞ்சலையின் காலில் ஏறிவிட்டது. அவள் கூலி வேலை செய்பவள். கணவன் முன்பே இறந்துபோனான். இரண்டு பிள்ளைகள்.

இவரைப் போலீஸ் அழைத்துப்போனது. அவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொன்னாராம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போனேன். முதலில் வாயில் வந்தது இவர் பெயர்தான். பிறகு கூச்சமாகிவிட்டது. தாயே, அவள் கால் அவளுக்கு இருக்கட்டும், அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று கேட்டேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. எடுக்கச் சொன்னவள் நான். கார் வாங்கிய புதிதில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முன்னால் மாதா சுரூபம் வைத்தோம். நம் வண்டியால் பிறருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும் என்று டவுனில் கார் விற்றவர் சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. எங்கள் பிரெஞ்சு எல்லையில் அதற்குச் சட்டமில்லை. எங்களுக்குத் தெரிந்த யாரும் எடுக்கவுமில்லை. இவர் சிரித்தார்.

"மாதாவே முன்னாடி குந்தினு இருக்கா. அவளுக்கு மேல இன்னாத்துக்குடி இன்னொரு காவலு? கான்வெண்டுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

என் நச்சரிப்பு தாங்காமல்தான் எடுத்தார். அதன்பிறகு நற்கருணை வாங்கப்போகும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். விசுவாசக் குறைவால் செய்தேனோ?

கம்பெனி ஆள் வந்து விசாரித்தார். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார்கள். அஞ்சலை வேலைக்குத் திரும்பும்வரை அவள் வீட்டு அடுப்பு எரியும்படி கொடுத்தார்கள். காலை எடுக்காமலே எலும்பு கூடியது. இவரும் அபராதத்தோடு வீடு வந்தார். என் மாமியார் மட்டும் என்னை விடவில்லை.

"மாதா குடுத்தாளா, கம்பெனி குடுத்துச்சாடி?"

பதில் எனக்கு இப்போதும் முழுதாகத் தெரியாது. கேட்பதற்கு முன்பே தாய் வழியைத் திறந்து வைத்திருந்தாள் என்றுதான் நம்புகிறேன். அன்று என்னை நச்சரிக்க வைத்ததும் அவள்தானோ என்னவோ.

மாதா கோவில் திருநாளுக்கு அஞ்சலை நடந்தே வந்தாள். அவள் நம் வேதக்காரி இல்லை. எனக்காக வந்தாள். கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டித் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஒங்க வண்டின்றதால பொழச்சேன், யம்மா. அதுக்கு முன்னாடி போச்சே ஒரு வண்டி, அது இட்ச்சிருந்தா எனக்காக யாரு வேண்டியிருப்பாங்க, யாரு பணம் குடுத்திருப்பாங்க?"

அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். அடிபடுகிறவள் தன்மேல் ஏறும் காரைப் பார்த்துத் தேர்ந்துகொள்வதில்லை. கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ்காரர் எல்லையில் கார் வைத்திருக்கிறவர் எல்லோரும் இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டுமென்று சட்டம் வரப்போகிறதாம். நம் பக்கமும் வர வேண்டும். ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்குப் பாரம் என்கிறார் இவர். அதையும் என்னால் தள்ள முடியவில்லை. ஆனாலும் அந்தப் பாரம் அஞ்சலையின் காலைவிடக் கனமில்லை.

இப்போது இவர் கதிரைக் கண்டால் இறங்கி, ஆட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறார். நான் அந்தச் சட்டத்துக்காக ஜெபமாலை சொல்கிறேன். சகோதர சகோதரிகளே, உங்கள் பயத்தையும் தாயிடம் கொண்டுபோங்கள். அவள் காட்டுகிற வழி கம்பெனி வாசலாக இருந்தாலும் தயங்காமல் ஏறுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல, உங்கள் வண்டிக்கு எதிரே வரப்போகிற, பெயர் தெரியாத ஒருத்திக்காகவும்.